மூளை உறைக்குப் பரவிய புற்றுநோய்க்கு ரேடியேஷன்: தொடங்கும் முன்பும் நடக்கும்போதும் முடிந்த பிறகும் என்ன செய்ய வேண்டும்

"தலைக்குக் கரண்ட் வைக்கணும்", அதாவது ரேடியேஷன் என்னும் கதிர் சிகிச்சை கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள் என்றால், எத்தனை நாள், வலிக்குமா, முடி கொட்டுமா என்றுதான் வீட்டில் எல்லோரும் கேட்பார்கள். நியாயமான கேள்விகள்தான், எல்லாவற்றுக்கும் கீழே பதில் இருக்கிறது. ஆனால் புற்றுநோய் மூளையின் உறைக்குப் பரவியிருக்கும்போது முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: இந்த ரேடியேஷன் எந்தத் தொந்தரவுக்காக? தலைவலிக்கா, கால் பலவீனத்துக்கா, முகம் கோணியதற்கா, மூளைநீர் போகும் வழியில் அடைப்பைத் திறக்கவா, இல்லை மூளையிலிருந்து முதுகின் அடிவரை நோயைப் பிடித்துவைக்கவா? ஒவ்வொன்றுக்கும் கதிர் விழும் இடம் வேறு, நாட்கள் வேறு, பக்கவிளைவு வேறு, முடிந்தபின் எதிர்பார்க்கக்கூடியதும் வேறு. இந்த ஒரு கேள்விக்குப் பதில் வாங்கிக்கொண்டால் மற்ற முடிவுகள் பாதி எளிதாகிவிடும்.

கூட இருந்து பார்த்துக்கொள்பவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். நோயாளிக்கு அந்த நேரத்தில் தலைவலியும் வாந்தியும் போக, டாக்டர் சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ளத் தெம்பு இருக்காது. எனவே ஒரு நோட்டு வாங்கிவிடுங்கள். கேட்டது, சொன்னது, மாத்திரை, தேதி எல்லாம் அதில் போகட்டும்.

நோய் எங்கே இருக்கிறது

மூளையையும் தண்டுவடத்தையும் மூன்று அடுக்கு உறை மூடியிருக்கிறது. உள்பக்கமாக இருக்கும் இரண்டு மெல்லிய அடுக்குகளுக்கு நடுவே தெளிந்த நீர் ஓடிக்கொண்டே இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு நேரத்தில் சுமார் 150 மில்லிதான் இருக்கும், ஆனால் ஒரு நாளில் சுமார் 500 மில்லி சுரக்கிறது, அதாவது பழைய நீர் போய்ப் புது நீர் வருவது தினமும் மூன்று நான்கு முறை நடக்கிறது. மார்பகம், நுரையீரல், மெலனோமா என்னும் தோல் புற்றுநோய், அப்புறம் லுக்கீமியா, லிம்போமா போன்ற ரத்தப் புற்றுநோய்கள், இவற்றின் செல்கள்தான் அதிகமாக இந்த நீருக்குள் வந்து சேர்கின்றன. வந்துவிட்டால் நீர் போகும் இடமெல்லாம் அவையும் போகும். அதனால்தான் ஒரே ஆளுக்குக் காலையில் எழுந்ததும் தலைவலி, பார்வை இரண்டாகத் தெரிவது, ஒரு காது மந்தம், இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலி, சிறுநீர் சரியாக வராதது என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது போலப் பல தொந்தரவுகள் சேர்ந்து வருகின்றன. எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள், சின்னதாகத் தோன்றினாலும். உதட்டோரம் மரத்துப்போவது, விழுங்கும்போது புரையேறுவது, நடக்கும்போது ஒரு பக்கம் இழுப்பது, எல்லாமே கதிர் எங்கே விழ வேண்டும் என்று தீர்மானிக்க உதவும் தகவல்.

இங்கேயே ஒரு காரியத்தை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மூளைக்கு மட்டும் எம்ஆர்ஐ எடுத்திருந்தால் போதாது, முதுகு முழுவதற்கும் கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுத்த எம்ஆர்ஐ வேண்டும். முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கும் பரிசோதனையும் இருந்தால், ஸ்கேனை முதலில் முடிப்பது நல்லது, ஏனென்றால் நீர் எடுத்தபின் உறை ஸ்கேனில் பளிச்சென்று தெரிந்து குழப்பிவிடலாம். முதல் தடவை எடுத்த நீரில் கேன்சர் செல் இல்லை என்று வந்தாலும் நோய் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். முதல் தடவையில் தப்பிப்போவது சகஜம், மறுபடி எடுக்கும்போது கண்டுபிடிக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஸ்கேனில் தெளிவாகத் தெரிந்து, அறிகுறியும் பொருந்தினால் நீரில் செல் கிடைக்காமலேயே சிகிச்சை தொடங்குவதும் உண்டு.

என்ன வகை ரேடியேஷன் என்று கேளுங்கள்

பெரும்பாலும் மூன்றில் ஒன்றைச் சொல்வார்கள்.

முதலாவது, தொந்தரவு தரும் இடத்துக்கு மட்டும் கொடுப்பது. முதுகின் அடிப்பகுதியில் நரம்புக் கற்றையில் நோய் படிந்து கால் வலுவிழந்தால் அந்த இடம், முகம் கோணினால் அல்லது பார்வை இரண்டானால் மண்டையோட்டின் அடிப்பகுதி, நீர் ஓட்டம் எங்கேயாவது அடைபட்டிருந்தால் அந்த இடம். கதிர் விழும் பரப்பு குறைவு என்பதால் உடம்பு தாங்கும், ரத்த அணுக்களும் பெரிதாக விழாது.

இரண்டாவது, மூளை முழுவதற்கும் கொடுப்பது. வழக்கமான கணக்கு 10 சிட்டிங்கில் 30 கிரே, அல்லது உடல்நிலை மோசமாக இருந்தால் 5 சிட்டிங்கில் 20 கிரே. கிரே என்பது உடம்பு வாங்கும் கதிரின் அளவு. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் ஒன்று என்று வைத்தால் 10 சிட்டிங் இரண்டு வாரம். இதைப் பற்றி ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: மார்பகம், நுரையீரல் போலக் கட்டியாக வரும் திட வகைப் புற்றுநோய்களில் உறைக்குப் பரவியவர்களுக்கு மூளை முழுவதற்கும் கொடுப்பதால் ஆயுள் கூடுகிறது என்று உறுதியாகக் காட்டிய ஒப்பீட்டு ஆய்வு இல்லை. தலைவலி, வாந்தி, நரம்புத் தொந்தரவுகளைக் குறைப்பதுதான் நோக்கம். அதற்காக அது சாதாரண விஷயம் என்று சொல்ல மாட்டேன். இரவெல்லாம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் படுத்துத் தூங்குவது பெரிய காரியம். ஆனால் எதற்காகச் செய்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும்.

மூன்றாவது, மூளை, தண்டுவடம் இரண்டுக்கும் சேர்த்து, நீர் ஓடும் பாதை முழுக்கக் கொடுப்பது. நோய் நீரில் இருக்கிறது, எனவே நீர் இருக்கும் இடம் முழுவதும் கொடு என்பது இதன் தர்க்கம். வழக்கமான எக்ஸ்ரே கதிரில் இதைச் செய்தால் கதிர் முதுகு வழியாக நுழைந்து தொண்டை, இதயம், குடல் எல்லாவற்றையும் கடந்து முன்பக்கமாக வெளியேறுகிறது, ரத்த அணுக்களை உருவாக்கும், முதுகெலும்புகளில் உள்ள மஜ்ஜை முழுக்க அடிபடுகிறது. அதனால் பலவீனமான நோயாளிகளுக்கு இதைத் தவிர்த்தே வந்தார்கள். புரோட்டான் கதிர் அப்படியில்லை, குறிப்பிட்ட ஆழத்தில் தன் சக்தியைக் கொட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடும், முன்பக்க உறுப்புகளுக்குப் போகாது. நியூயார்க்கில் உள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தினர் 2022-ல் வெளியிட்ட ஆய்வில் மார்பகம் அல்லது நுரையீரல் புற்றுநோய் உறைக்குப் பரவிய 63 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு மூளை, தண்டுவடம் முழுவதற்கும் புரோட்டான், மற்றவர்களுக்குத் தொந்தரவுள்ள இடங்களுக்கு மட்டும் வழக்கமான கதிர், இரண்டுமே 10 சிட்டிங்கில் 30 கிரே. மூளையிலும் தண்டுவடத்திலும் நோய் மறுபடி முன்னேறாமல் இருந்த காலம் புரோட்டான் பிரிவில் 7.5 மாதம், மற்றதில் 2.3 மாதம். உயிரோடு இருந்த காலம் 9.9 மாதமும் 6.0 மாதமும். இவை நடுக்கணக்கு, அதாவது பாதிப்பேர் இதைவிட அதிகம், பாதிப்பேர் குறைவு. சின்ன ஆய்வுதான், சேர்க்கப்பட்டவர்களும் ஓரளவு தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தவர்கள். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு அந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் நோயாளி நடமாடும் நிலையில் இருக்கிறார், வேறு இடங்களில் நோய் கட்டுக்குள் இருக்கிறது என்றால் "புரோட்டானில் தண்டுவடத்தோடு சேர்த்துக் கொடுப்பது இவருக்குப் பொருந்துமா?" என்று கேட்காமல் விடாதீர்கள். வசதி அங்கே இல்லையென்றால், வேறு இடத்துக்குப் போய் வரும் நாட்களை நோய் தாங்குமா என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

கதிரை ஒரே புள்ளியில் குவிக்கும் காமா நைஃப் செய்யலாமே என்று யாராவது சொல்வார்கள். அது மூளைக்குள் தனித்தனிக் கட்டிகளாக இருக்கும் நோய்க்கு நல்ல வழி. உறை முழுக்கப் படர்ந்த நோய்க்கு ஒரு புள்ளியைக் குறிவைப்பது பொதுவாகப் பொருந்தாது. உறையில் ஒரே இடத்தில் திரண்டிருந்தால் மட்டும் டாக்டர் அதைப் பற்றிப் பேசக்கூடும்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்

முதலில் தோன்றிய புற்றுநோயின் தன்மை என்ன என்பதைக் கதிர் டாக்டரும் கீமோ டாக்டரும் ஒன்றாகப் பேசியிருக்கிறார்களா என்று கேளுங்கள், இது ரொம்ப முக்கியம். நுரையீரல் புற்றுநோயில் இஜிஎஃப்ஆர், ஏஎல்கே மாற்றங்கள், மார்பகத்தில் ஹெர்2, மெலனோமாவில் பிராஃப் என்று புற்றுநோய் செல்லின் மரபணுவில் ஏதாவது மாற்றம் இருந்தால் மூளைநீருக்குள் போய் வேலை செய்யக்கூடிய மாத்திரைகளோ ஊசிகளோ இப்போது இருக்கின்றன. ஆசிமெர்டினிப், லார்லாடினிப், டுகாடினிப் போன்றவை. அப்படிப்பட்டவருக்கு மருந்தை முதலில் தொடங்கி, கதிரைத் தள்ளிப்போட முடியுமா என்பது நியாயமான கேள்வி. கால் வலுவிழந்துகொண்டே போகிறது என்றால் தள்ளிப்போடக் கூடாது, அது வேறு விஷயம். ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் கதிர் நாட்களில் அதை நிறுத்த வேண்டுமா, தொடரலாமா என்று மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சில பிராஃப் மாத்திரைகள் தோலின் பாதிப்பைக் கூட்டும் என்பதால் கதிருக்கு முன்னும் பின்னும் நிறுத்திவைப்பார்கள்.

மூளைநீருக்குள் நேரடியாக மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்தைப் போடுகிறார்கள் என்றால், முதுகு வழியாகவோ தலைத்தோலுக்கு அடியில் வைக்கும் ஒம்மாயா என்ற சிறு பை வழியாகவோ, அதன் தேதிகளையும் கதிரின் தேதிகளையும் ஒரே தாளில் எழுதி இரண்டு டாக்டரிடமும் காட்டுங்கள். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தால் மூளையின் வெள்ளைப் பகுதி நிரந்தரமாகப் பாதிக்கப்படும் அபாயம் கூடுகிறது. இடைவெளி எவ்வளவு என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும், ஆனால் இருவருக்கும் தெரிந்திருக்கிறதா என்பதைப் பார்ப்பது உங்கள் வேலை. இரண்டு துறை, இரண்டு கட்டடம், இரண்டு ஃபைல் என்று இருக்கும் இடங்களில் நடுவில் இருப்பது நீங்கள் மட்டும்தான்.

மூளைநீர் தேங்கி அழுத்தம் ஏறியிருக்கிறதா? படுத்தால் கூடும் தலைவலி, வாந்தி, அரைத் தூக்கம், எழுந்து நின்றதும் கண் இருட்டி விழுவது, இவை அதன் அடையாளங்கள். அப்படியென்றால் நீரை வயிற்றுக்குத் திருப்பிவிடும் ஷண்ட் என்ற குழாயைக் கதிருக்கு முன்னால் வைக்க வேண்டியிருக்கலாம். முன்பு எங்கேயாவது கதிர் கொடுத்திருந்தால் அந்தப் பழைய ரிப்போர்ட், இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் அதன் அட்டை, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருந்தால் அந்தத் தகவல், மூன்றையும் கேட்கும் முன்பே கொடுத்துவிடுங்கள்.

மூளை முழுவதற்கும் கொடுக்கிறார்கள் என்றால் மெமான்டின் மாத்திரை பற்றிக் கேளுங்கள். நினைவாற்றல் குறைவதைத் தாமதப்படுத்த, கதிர் தொடங்கும்போதே ஆரம்பித்து மெல்ல அளவைக் கூட்டி ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம் வரை கொண்டுபோய் 24 வாரம் தருவது வழக்கத்தில் இருக்கிறது. நினைவுக்கான ஹிப்போகேம்பஸ் பகுதியை விட்டுவிட்டுக் கதிர் கொடுக்கும் முறையைப் பற்றிப் படித்திருப்பீர்கள், ஆனால் உறைக்குப் பரவிய நோயில் அதைப் பொதுவாகச் செய்வதில்லை, அந்தப் பகுதியை ஒட்டியே நீர் ஓடுகிறது என்பதால்.

கடைசியாக, கேட்கக் கஷ்டமான கேள்வி. "கதிர் கொடுக்காமல் வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸா (டெக்ஸாமெத்தசோன்) மாத்திரையும் வலி மருந்தும் வைத்துப் பார்த்துக்கொண்டால் எப்படி இருக்கும்?" இதைக் கேட்பது கைவிடுவது ஆகாது. சிகிச்சை இல்லாமல் இந்த நோய் பெரும்பாலும் சில வாரங்களில் முடிந்துவிடுகிறது, சிகிச்சையோடு சில மாதங்கள், மருந்து நன்றாக வேலை செய்கிறவர்களுக்கு அதற்கு மேலும். ஆனால் கண் திறக்கவே முடியாத நிலையில் இருப்பவரைத் தினமும் தூக்கிக்கொண்டு போய் வருவதில் அவருக்கு மிச்சமிருக்கும் நாட்களில் பாதி வழியிலேயே போய்விடலாம். கதிரின் பலன் தெரியவே சில வாரம் ஆகும் என்பதையும் வைத்துக் கணக்குப் போட வேண்டும். வலி நிவாரண மருத்துவக் குழுவை முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். கடைசி நேரத்தில் கூப்பிடுவதற்காக மட்டும் இருக்கிற குழு என்று நினைத்துத் தள்ளிப்போடுகிறவர்கள் வீணாக வலியில் கிடக்கிறார்கள்.

மாஸ்க் செய்யும் நாள்

தலையை ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் வைக்க வலைபோன்ற பிளாஸ்டிக் மாஸ்க் ஒன்று செய்வார்கள். வெந்நீரில் இளக்கி முகத்தின் மேல் விரித்து அழுத்துவார்கள், வெதுவெதுப்பான ஈரத் துண்டைப் போர்த்தியதுபோல இருக்கும், சில நிமிடத்தில் இறுகிவிடும். மூச்சு தாராளமாக விடலாம். அதைப் போட்டபடியே சிடி ஸ்கேன் எடுத்து அதை வைத்துத்தான் திட்டம் போடுகிறார்கள். குறிகளை மாஸ்க்கின் மேல் போட்டுக்கொள்வதால் முகத்தில் எதுவும் இருக்காது. முதுகுக்கும் கொடுப்பதாக இருந்தால் உடம்பில் குறி போடுவார்கள், அதைத் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள்.

முடியைக் குட்டையாக வெட்டுவதாக இருந்தால் மாஸ்க் செய்வதற்கு முன்பே வெட்டிவிடுங்கள். பின்னால் வெட்டினால் மாஸ்க் தொளதொளவென்று ஆகிவிடும். தாடிக்கும் இதே கதைதான். பல் செட்டு போட்டபடி மாஸ்க் செய்தால் தினமும் போட்டபடியே வர வேண்டும், கழற்றிச் செய்தால் கழற்றியே.

அடைத்த இடம் என்றால் பயப்படுகிறவர் என்றால் வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லுங்கள். பயத்துக்கு ஒரு லேசான மாத்திரை தருவார்கள், சில இடங்களில் கண்ணும் மூக்கும் திறந்திருக்கும் மாஸ்க் உண்டு, கையை உயர்த்தினால் உடனே உள்ளே வந்துவிடுவார்கள். முதுகு வலியால் மல்லாக்கப் படுக்க முடியாதவருக்கு அரை மணி, முக்கால் மணி முன்னதாக வலி மாத்திரை கொடுத்துக் கூட்டிப்போங்கள், வலியில் அசைந்தால் திட்டமே சரியாக அமையாது. திட்டம் தயாராகச் சில நாள் ஆகலாம். கால் வேகமாகப் பலவீனமாகிறது, சிறுநீர் அடைக்கிறது என்றால் அவசரமாக அன்றைக்கோ மறுநாளோ தொடங்க முடியும், எனவே காத்திருக்கும் நாட்களில் நிலைமை மாறினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை உட்கார்ந்திருக்காமல் போன் செய்யுங்கள்.

கதிர் நாட்கள்

உள்ளே இருப்பது பத்து இருபது நிமிடம், கதிர் ஓடுவது அதில் ஓரிரு நிமிடம்தான். தண்டுவடத்தோடு சேர்த்து என்றால் இன்னும் நீளும். வலி இல்லை. சிலருக்குக் கண்ணுக்குள் நீல ஒளி மின்னுவது போலவோ, குளோரின் அடிப்பது போன்ற வாடை வருவது போலவோ இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. வெளியே வந்தபின் உடம்பில் கதிர் எதுவும் தங்கியிருக்காது, குழந்தையைத் தூக்கலாம், கர்ப்பிணிகள் பக்கத்தில் உட்காரலாம்.

இந்த நாட்களில் உண்மையான வேலை டெக்ஸாமெத்தசோனைச் சரியாகக் கொடுப்பதில் இருக்கிறது. வீக்கத்தைக் குறைக்கும் இந்த ஸ்டீராய்டு மாத்திரை பெரும்பாலானவர்களுக்கு உண்டு. சாப்பிட்ட பிறகு கொடுங்கள், கூடவே வயிற்றுக்கான மாத்திரையும். இரண்டு வேளை என்றால் காலையும் மதியமும் வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள், மாலையில் கொடுத்தால் இரவு முழுக்கக் கொட்டக்கொட்ட விழித்திருப்பார். சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் சர்க்கரை ஏறும், எனவே அவ்வப்போது பாருங்கள், அதிகத் தாகமும் அடிக்கடி சிறுநீரும் அதன் அறிகுறி. நாக்கில் வெள்ளைப் படலம் வந்தால் பூஞ்சை, எளிதாகச் சரிசெய்யலாம், சொன்னால் போதும். கோபம், அழுகை, ஓயாத பேச்சு எல்லாம் மாத்திரையால் வரலாம், அந்த ஆள் மாறிவிட்டார் என்று மனம் நோகாதீர்கள். சில வாரம் போனபின் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் தொடை சோர்ந்தால், அது நோய் முற்றியதால்தான் என்று நினைத்துவிட வேண்டாம், ஸ்டீராய்டு தொடைத் தசையைக் கரைக்கும், டாக்டர் பார்த்துப் பிரித்துச் சொல்வார். முகம் உப்பி மாஸ்க் இறுக்கினாலும் சொல்லுங்கள், சரிசெய்வார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, இந்த மாத்திரையை ஒருநாளும் திடீரென்று நிறுத்தாதீர்கள். குறைப்பதற்கான அட்டவணையை எழுதி வாங்குங்கள், குறைக்கும்போது தலைவலி திரும்பினால் அன்றே தெரிவியுங்கள்.

வாந்தி மாத்திரையை வாந்தி வந்தபின் கொடுப்பதில் பலன் குறைவு, கதிருக்கு அரை மணி முதல் ஒரு மணி முன்னதாகக் கொடுக்க வேண்டும். ஆன்டன்செட்ரான் என்ற வாந்தி மாத்திரை மலச்சிக்கலைக் கொண்டுவரும், மார்ஃபின் வகை வலி மருந்தும் அப்படியே, அடிமுதுகு நரம்பில் நோய் இருந்தால் இன்னும் மோசம். மூன்றும் சேர்ந்தால் நாலைந்து நாள் போகாமல் கிடப்பார், எனவே முதல் நாளிலிருந்தே மலமிளக்கி கேட்டு வாங்குங்கள்.

முடி கொட்டும், ஆனால் தொடங்கி இரண்டு மூன்று வாரம் கழித்து. அதாவது 10 சிட்டிங் முடிந்து வீட்டுக்கு வந்து கொஞ்சம் நிம்மதியாகும் நேரத்தில். முன்பே சொல்லிவைத்தால் அதிர்ச்சி குறையும். சில மாதத்தில் மறுபடி வளரத் தொடங்கும், சிலருக்கு அங்கங்கே மெலிதாக. தலைத்தோல் சிவந்து அரிக்கும், மென்மையான ஷாம்பு, வெதுவெதுப்பான நீர், சொறியாமல் இருப்பது, வெயிலில் தலையை மூடிக்கொள்வது, இவ்வளவு போதும். எந்த எண்ணெய், கிரீம் என்றாலும் கேட்டுவிட்டுப் போடுங்கள். காதுக்குள் அடைப்பது போலவும் இருக்கலாம்.

வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் கதிர் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தலைக்குக் கதிர் எடுக்கும்போது அந்த மாத்திரையால் அரிதாகக் கடுமையான தோல் ஒவ்வாமை வருவதுண்டு. காய்ச்சலோடு தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் உடனே போக வேண்டும்.

தண்டுவடம் முழுவதற்கும் கொடுக்கிறவர்களுக்கு வாரா வாரம் ரத்த அணுக்களைப் பார்ப்பார்கள். புரோட்டானாக இருந்தாலும் எண்ணிக்கை குறையலாம். விழுங்கும்போது நெஞ்சில் எரிச்சல், வயிற்றுப்போக்கு, அளவுக்கு மீறிய சோர்வு வரலாம். காரமும் சூடும் இல்லாத மிருதுவான சாப்பாடாக, கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுங்கள்.

மருந்தில்லாத உதவிகளையும் மறக்க வேண்டாம். இரண்டாகத் தெரிந்தால் ஒரு கண்ணை மூடும் பட்டை உடனடி நிம்மதி தரும். முகம் கோணிக் கண்ணை மூட முடியாதவருக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, இரவில் இமையை மூடி ஒட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகும். புரையேறுகிறவரை நிமிர்ந்து உட்காரவைத்து, தாடையைக் கொஞ்சம் தாழ்த்தி விழுங்கச் சொல்லுங்கள், விழுங்கும் பயிற்சியாளர் இருந்தால் பார்க்கச் செய்யுங்கள். வண்டி ஓட்டக் கூடாது.

உடனே கிளம்ப வேண்டிய நேரங்கள்

கால்கள் புதிதாகத் துவளுவது, இடுப்புக்குக் கீழே உட்காரும் இடம் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைவது அல்லது தெரியாமல் போவது, வலிப்பு, எழுப்பினால் எழாத தூக்கம், நிற்காத வாந்தியோடு கூடிய தலைவலி, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், ஒம்மாயா பையோ ஷண்ட்டோ இருக்கும் இடத்தில் சிவப்பும் வீக்கமும். ராத்திரி என்றால் ராத்திரியே. ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் காய்ச்சல் அடங்கியே தெரியும் என்பதால், காய்ச்சல் இல்லாமலே குளிர் நடுக்கம் வந்தாலும் போங்கள். இரவில் யாருக்கு போன் செய்ய வேண்டும் என்ற எண்ணை முதல் நாளே வாங்கி நோட்டின் அட்டையில் எழுதிவையுங்கள்.

முடிந்த பிறகு

கடைசி சிட்டிங் அன்று எல்லாம் சரியாகிவிட வேண்டும் என்று எதிர்பார்த்தால் மனசு உடைந்துபோகும். கதிர் பட்ட செல்கள் சாக நாள் எடுக்கும். வீக்கத்தால் முதல் சில நாட்களில் தொந்தரவு கூடுவதும் உண்டு. வலியும் தலைவலியும் பெரும்பாலும் முதலில் குறையும். நரம்பு செத்துப்போன இடத்தில், ரொம்ப நாளாக மரத்திருந்த பாதம், வாரக்கணக்காகக் கேட்காத காது, இவை திரும்புவது அரிது. அங்கே கதிரின் பலன் இன்னும் மோசமாகாமல் நிற்பதுதான். அதனால்தான் கால் பலவீனத்தைத் தொடக்கத்திலேயே சொல்லுங்கள் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன். நடந்துகொண்டிருப்பவரை நடக்கவைப்பது, நடை நின்றவரை எழுப்புவதைவிட எத்தனையோ எளிது.

சோர்வு, கதிர் முடிந்தபின்தான் உச்சத்துக்குப் போகும். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு அப்புறம் சிலர் நாளெல்லாம் தூங்குவார்கள், பசி இருக்காது, பேச்சு குறையும். பெரும்பாலும் தானாகத் தெளியும், ஆனால் நோய் முன்னேறுவதும் இப்படியே தோன்றலாம் என்பதால் நீங்களாக முடிவு செய்யாமல் டாக்டரிடம் காட்டுங்கள். மாதங்கள் போகும்போது சமீபத்திய நினைவு மங்கலாம், மூளை முழுக்கக் கொடுத்தவர்களுக்கு முக்கியமாக. மாத்திரைக்கு நாள் வாரியான டப்பா, சுவரில் பெரிய எழுத்தில் நாள்காட்டி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை. வங்கிக் கணக்கு, உயில், சிகிச்சையில் எதுவரை போகலாம் என்ற விருப்பம், இவற்றை அவர் தெளிவாகப் பேசும்போதே அவர் வாயாலேயே கேட்டு எழுதிவிடுங்கள். அவருக்கு முடிவு செய்யும் உரிமை இருக்கிறது, அது அவரிடமே இருக்கட்டும்.

பிசியோதெரபியைச் சீக்கிரமே தொடங்குங்கள். கொஞ்சம் நடப்பது, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது போதும். குளியலறையில் கைப்பிடி, வழுக்காத விரிப்பு, கட்டில் பக்கத்தில் இரவு விளக்கு, ஏனென்றால் விழுந்து எலும்பு முறிந்தால் கதிரால் கிடைத்த பலனும் போய்விடும்.

அடுத்த எம்ஆர்ஐ எப்போது, மூளைக்கு மட்டுமா முதுகுக்கும் சேர்த்தா, கீமோவோ மாத்திரையோ எந்தத் தேதியில் மறுபடி தொடங்கும், ஸ்டீராய்டை எப்போது முழுவதும் நிறுத்துவது, இந்த நான்குக்கும் பதில் வாங்காமல் கடைசி நாள் அங்கிருந்து கிளம்பாதீர்கள். எவ்வளவு கதிர், எந்த இடத்துக்கு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்ற சுருக்க ரிப்போர்ட்டையும் கையோடு வாங்குங்கள். நோய் வேறிடத்தில் தலையெடுத்து மறுபடி கதிர் தேவைப்பட்டால், இன்னும் எவ்வளவு கொடுக்கலாம் என்று கணக்குப் போட அடுத்த டாக்டர் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.